நாற்பது மணி நேரப் பாடம்

அலுவலகத்தில் அவளுக்கு 'அட்டவணை' என்று பட்டப்பெயர். யாராவது போகிறபோக்கில் ஒரு யோசனை சொன்னால்கூட, மறுநாள் காலையில் அதற்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, தலைப்பு எழுதி, அவர்கள் மேசைமேல் வைத்துவிடுவாள். திறன் பயிற்சித் துறையில் பதினோரு வருஷ அனுபவம். கலைத் தொழில் பிரிவு அவள் பொறுப்பு. மேடை, விளக்கு, ஒலி, ஒப்பனை என்று பன்னிரண்டு வேலைகள். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம், எதைச் சொல்லித்தர வேண்டும் என்று எழுதுவது அவள்தான்.

முதலில் வெளிவந்தது மேடைப் பணியாளர் பாடம். நாற்பது மணி நேரம், முழுக்க முழுக்கக் கணினித் திரையில். முடிவில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். ஒன்றரை வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதை வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன்.

கொழுந்தனுக்கு இருபத்தொன்பது வயது. போன இடத்தில் எல்லாம் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் அதிகம். அவள்தான் பிடித்து உட்காரவைத்துப் பாடத்தில் சேர்த்தாள். சான்றிதழ் வந்த இரண்டே வாரத்தில் நகரத்தின் பெரிய அரங்கில் வேலை கிடைத்தது. "என் புள்ளைக்கு ஒரு வழி காட்டிட்டே" என்று மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மாமியார் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அரங்குக்குப் போனது புகைப்படம் எடுக்க. அடுத்த வாரம் வியாழக்கிழமை அமைச்சர் வந்து மிச்சப் பதினோரு பாடங்களையும் தொடங்கிவைக்கப் போகிறார். அதற்கான புத்தகத்துக்கு அட்டைப்படம் வேண்டும். வேலை செய்துகொண்டே சிரிக்கிற ஒரு முகம். கொழுந்தனுக்குச் சிரிக்கத் தெரியும்.

மேடையில் அன்று விளக்குகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையின் அகலத்துக்கு நீண்ட ஓர் இரும்புக் குழாய் மார்பளவு உயரத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. அதில் பதினான்கு விளக்குகள். குழாயைத் தாங்கும் கம்பிவடங்கள் கூரைவரை போய், உருளைகளில் ஏறி, பக்கச் சுவர் ஓரமாக ஓர் இரும்புத் தொட்டிலில் முடிந்தன. தொட்டில் நிறைய எடைக்கட்டிகள். இந்தப் பக்கம் விளக்கு, அந்தப் பக்கம் கட்டி, தராசு மாதிரி. சமமாக இருக்கும்வரை ஒரே ஆள் கயிற்றை இழுத்து முழுக் குழாயையும் ஏற்றி இறக்கலாம். குழாய் கீழே இருந்தால் தொட்டில் மேலே இருக்கும். அங்கே சுவரை ஒட்டி ஒரு பரண்.

அந்தப் பரணில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவளைப் பரணக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அப்போது அவள் பரணுக்கு இன்னும் ஏறிக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டுப் படி.

"அண்ணி, இங்கேருந்து எடுங்க, வெளிச்சம் நல்லாயிருக்கு" என்றான் கொழுந்தன். பேசிக்கொண்டே ஒரு விளக்கைக் கழற்றித் தரையில் வைத்தான். அது ஆறாவது. அவள் நாலு படம் எடுத்தாள்.

தலைக்கு மேலே ஒரு குரல் வெடித்தது. "யார்றா விளக்கைத் தொட்டது? நிறுத்து! எல்லாரும் தள்ளிப் போங்க!"

குழாய் நடுங்கியது. சுவரோரம் கயிற்றைப் பிடித்திருந்த பூட்டிலிருந்து, கதவுக் கீல் முனகுவதுபோல ஒரு சத்தம். விளக்குப் பக்கம் ஆறு விளக்கு குறைந்துவிட்டது. தொட்டிலில் கட்டிகள் அப்படியே இருந்தன. அத்தனை பாரத்தையும் அந்தச் சின்னப் பூட்டு ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் பாய்ந்துபோய்க் கயிற்றைப் பிடித்தான்.

"பிடிக்காதே! விட்டுடு!" என்று பரணக்கா அலறி முடிப்பதற்குள் பூட்டு நழுவியது. கயிறு அவன் உள்ளங்கைகளுக்குள் சரசரவென்று ஓடியது. குழாய் இரண்டு முழம் மேலே துள்ளி நின்றது. பூட்டு மறுபடி எப்படியோ கவ்விக்கொண்டது. கொழுந்தன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டான். கயிற்றில் சிவப்பாக ஒரு கறை.

"மேடம்!" பரணக்கா அவளைத்தான் கூப்பிட்டாள். சுவருக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. "அந்த மூலையில ஒரு கட்டை இருக்கு பாருங்க. மேலே போற கயிறு, கீழே வர்ற கயிறு, ரெண்டுக்கும் நடுவுல குடுத்து முறுக்குங்க. முறுக்கிக்கிட்டே இருங்க. கயிறு ரெண்டும் பின்னிக்கிட்டா ஓடாது."

 அவள் போனாள். கட்டையைச் செருகினாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் கயிறு எதிர்த்தது.

"நழுவவிட்டா கட்டை உங்க முகத்துலதான் அடிக்கும். கெட்டியா பிடிங்க. நான் கட்டியை எடுக்கிறேன்."

தொட்டில் கீழே இறங்கிவிட்டதால் பரணக்கா பரணில் குப்புறப் படுத்து, இடுப்புவரை வெளியே தொங்கி, கையை நீட்டி எடுக்கவேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ. கட்டி பரணில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கட்டை அவள் கையில் துடித்தது. நான்காவதில் பரணக்காவின் மூச்சு இங்கே கேட்டது. தொட்டில் இன்னொரு தடவை நழுவினால் அந்தக் கை தோளோடு போய்விடும் என்பது, இதைப் பற்றி ஒன்றும் தெரியாத அவளுக்கே தெரிந்தது.

"ஆறு" என்றாள் பரணக்கா. "இப்ப விடலாம், மேடம்."

அவளால் விட முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஒரு தொழிலாளி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.

பரணக்கா இறங்கி வந்தபோது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கொழுந்தனின் கைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "கட்டியை முதல்ல எடுக்கணும், அப்புறந்தான் விளக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தலைகீழ் வரிசைன்னுதான் பாடத்துல இருந்துச்சு. மாட்டுனதுக்குத் தலைகீழ் வரிசையில கழட்டணும்னு. அதான் கடைசியா மாட்டுன விளக்கை முதல்ல கழட்டுனேன்."

அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது மணி நேரத்தில் பதினேழாம் பகுதி, பன்னிரண்டு நிமிஷம். 'இறக்கும்போது இதையே தலைகீழ் வரிசையில் செய்யவும்.' அந்த வரியை எழுதியவள் அவள்தான். ஏற்றும்போது முதலில் விளக்கு, பிறகு கட்டி. இறக்கும்போது முதலில் கட்டி, பிறகு விளக்கு. எழுதும்போது அது அவளுக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

முதல் வரைவில் அறுபது மணி நேரம் நிஜ மேடையில் என்றுதான் போட்டிருந்தாள். ஆனால் மாதச் சம்பள ஆட்களின் பட்டியல் காட்டுகிற இடத்தில்தான் பயிற்சி நடத்தலாம் என்று துறையில் ஒரு விதி. எந்த அரங்கில் மாதச் சம்பளம்? நிகழ்ச்சி இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. ஒரு மாதம் முட்டிமோதிப் பார்த்தாள். பிறகு அவளே அந்த அறுபது மணி நேரத்தையும் கோடு போட்டு அடித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் சத்தம்போட்டுப் பேசவில்லை. கொழுந்தனின் இரண்டு கையிலும் கட்டு. அவள் கணவன் தம்பிக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தான். "வாயை நல்லா தொற, இது என்ன ஊசியா?" என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். எடுபடவில்லை.

"அண்ணி" என்றான் கொழுந்தன். "விபத்து அறிக்கை நீங்கதான எழுதப்போறீங்க? அந்தக்கா என்கிட்ட எதுவும் சொல்லலைன்னு எழுதுங்க."

"சொல்லலையா?"

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "சொன்னாங்க. அவங்க மேலேருந்து குரல் குடுத்தப்புறந்தான் விளக்கைத் தொடணும்னு. நீங்க வந்தீங்க. படம் எடுக்கிறீங்கன்னு நானே ஆரம்பிச்சுட்டேன்."

"அப்போ எப்படி எழுதச் சொல்றே?"

"ஏம்மா" என்று மாமியார் குறுக்கே வந்தாள். "பேனா உன் கையிலதான இருக்கு? அந்தப் பொம்பளை யாரு, நமக்கு சொந்தமா பந்தமா?"

"அவங்க இல்லைன்னா உங்க புள்ளை இப்போ இங்க உட்கார்ந்திருக்க மாட்டான், அத்தை."

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டாள். கணவன் தட்டைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னான்: "நீ என்ன எழுதினாலும் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வரணும்." அது மிரட்டலா ஆறுதலா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை இயக்குநர் அறையில் கதவு சாத்தியிருந்தது.

"ரெண்டு வரி போதும்மா" என்றார் இயக்குநர். "பணியாளர் கவனக்குறைவு, சிறு காயம். முடிஞ்சுது. வியாழக்கிழமை விழாவை வச்சுக்கிட்டு ஊதிப் பெருசாக்காதே."

"கவனக்குறைவு இல்லைங்க, சார். பாடத்துல குறை. நான் எழுதுன பாடம்."

"ஒருத்தன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா..."

"முந்நூத்திப் பன்னெண்டு பேர் அதே வரியைத்தான் படிச்சிருக்காங்க. எத்தனை பேர் எத்தனை மேடையில நிக்கிறாங்களோ." அவள் ஒரு படத்தை மேசையில் வைத்தாள். சிரித்தபடி விளக்கைக் கழற்றும் கொழுந்தன். மூலையில், மேலே, நிறைந்த தொட்டில். "இதைத்தான் அட்டையில போட இருந்தோம், சார். தொழில் தெரிஞ்ச ஒரு ஆள் பார்த்தா அன்னிக்கே நாம நாறியிருப்போம்."

இயக்குநர் படத்தைக் கையில் எடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. பத்தாயிரம் பேருக்குச் சான்றிதழ் என்று மேலே வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர். "சரி, என்னதான் பண்ணணுங்கிறே?"

"குடுத்த சான்றிதழையெல்லாம் நிறுத்திவைக்கணும். கயிறு, உயரம், மின்சாரம், இது மூணும் திரையில வேண்டாம். அறுபது மணி நேரம் நிஜ மேடையில. சொல்லித்தர்றவங்களுக்கும் நாமதான் கூலி குடுக்கணும். இருபது வருஷம் பரண்ல நின்னவங்களை ஓசியில வந்து பாடம் நடத்துன்னு சொல்ல முடியாது. அப்புறம் அந்த மாதச் சம்பளப் பட்டியல். இந்தத் தொழில்ல அது கிடையாது, சார். வருஷத்துக்கு எத்தனை நிகழ்ச்சியில வேலை பார்த்தாங்கன்னு கேப்போம். அதுதான் இவங்களுக்குச் சம்பளச் சீட்டு."

"விதியை மாத்தணும்."

"ஆமாங்க."

"நீ சான்றிதழை நிறுத்தினா உன் கொழுந்தனுக்கும் வேலை போகும். தெரியுமில்ல?"

"தெரியும்." அவள் அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினாள்.  "படம் எடுக்க நான் போயி அவன் கவனத்தைக் கலைச்சதையும் எழுதியிருக்கேன். மூணாம் பக்கம்."

இயக்குநர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். பிறகு, "நீ வெளியில இரு" என்றார்.

வெளியே நாற்காலியில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் தொலைபேசியில் இயக்குநரின் குரல் ஏறுவதும் பணிவதும் கேட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் இன்னமும் அந்தக் கட்டையைப் பிடித்த மாதிரியே வலித்தன.

அடுத்த வாரம் வியாழக்கிழமை விழா நடந்தது. ஆனால் பதினொன்றில் ஏழு பாடங்கள்தான் வெளிவந்தன. ஆபத்தான வேலை உள்ள நான்கை நிறுத்திவைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழுக்கும், நேரில் சோதனை முடியும்வரை மேடையில் தனியாக வேலை செய்யக் கூடாது என்று கடிதம் போனது. இரண்டு அரங்குகளில் இருபது பேருக்கு மட்டும், சோதனை முயற்சியாக, அறுபது மணி நேரப் பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது. ஓர் அரங்கில் சொல்லித்தருகிறவள் பரணக்கா. சம்பளப் பட்டியல் விதியை அந்த இருபது பேருக்கு மட்டும் தளர்த்தியிருந்தார்கள். மற்றபடி அது அப்படியே நின்றது. அவளைக் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். "ஒழுகுற கூரைக்கு அட்டவணை போடு" என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். அவள் போட்டும்விட்டாள்.

கொழுந்தனுக்கு வேலை போனது. ஏழு வாரம் அவன் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணனிடம் சொல்வான், அண்ணன் அவளிடம் சொல்வான். மாமியார் பேசினாள், ஆனால் பாத்திரங்களோடு. அவை தரையில் விழும் வேகத்திலேயே செய்தி புரிந்துவிடும்.

எட்டாவது வாரம் ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவன் வாசல் அறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் புதுத் தோல் பளபளவென்று வந்திருந்தது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரணக்காவைப் பார்க்கப் போனேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "அந்த இருபது பேர்ல என்னையும் சேர்த்துக்குங்கன்னு கேட்டேன்."

அவள் பையை இறக்கி வைக்க மறந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"இந்தத் தடவை முடியாதாம். இருபது பேரும் முடிவாயிட்டாங்களாம். அடுத்த தடவை வா, ஆனா அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்குமான்னு எனக்கே தெரியாதுன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். அவங்க சொல்லியும் நான்தான் கேக்கலைன்னும் சொன்னேன்." விரல்களை மறுபடி மடக்கினான். " கையைக் காட்டுன்னாங்க. காட்டுனேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. மாமியார் கதவோரம் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

"அடுத்த தடவை இருக்குமா, அண்ணி?" என்று கேட்டான்.

"தெரியலைப்பா" என்றாள் அவள். "நான் இப்போ அந்தப் பிரிவுலயே இல்லை. ஆனா நாளைக்குப் போய்க் கேக்கறேன். துரத்துனா நாளன்னைக்கும் போறேன்."