பஸ்ல போன கடைசித் தாளு

அட, மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு இல்லப்பா, அதை மடிச்சிருந்த பேப்பருக்குத்தான் பஸ்சு பின்னாடி ஓடினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல, யூனிபார்மோட. "அண்ணா, தின்னுட்டு அந்த பேப்பரை மட்டும் போடுங்கண்ணா!"ன்னு கத்துறேன், அந்தாளு பயந்துபோய் ஜன்னலை சாத்திக்கினாரு.

வேற என்ன பண்ண? விழுப்புரத்துலேர்ந்து மாறி வந்து ப்ளஸ் ஒன் சேர்ந்தேன், கிளாஸ்ல ஒருத்தியும் பேசல. "தள்ளு", "பேனா குடு", அவ்ளோதான். அம்மா இன்னும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கே பஸ்ல வேலைக்கு போய் வருது, வந்ததும் படுத்துரும். குரல் இன்னும் இருக்குதான்னு பாத்ரூம்ல தனியா பேசிப் பாப்பேன், சத்தியமா.

அப்பதான் பஸ் ஸ்டாண்டு அம்சவள்ளி அக்கா வறுத்த மல்லாட்டை மடிச்சு குடுத்த தாள்ல ஒரு கதை. சனி கிரகத்துக்கு அந்தாண்ட ஒருத்தி தனியா கப்பல்ல போய்க்கினே இருக்கா. கூட வந்தவங்க செத்துட்டாங்க. ரேடியோல தினம் கூப்புடுறா, "யாராவது இருக்கீங்களா?"ன்னு. ஐயோ, அது நானேதான்!

அக்கா பழைய பேப்பர் கடைல எடைக்கு வாங்கின புக்கு. "மொத்தமா குடுக்கா"ன்னு கேட்டா, "அப்புறம் மல்லாட்டையை உன் தலையிலயா கொட்டுவேன்?"ங்குது. சரின்னு தினம் வாங்கினேன். தாளு முன்னபின்ன மாறி மாறி வரும், ஒரே பேஜாரு.

வெள்ளிக்கிழமை அக்கா சிரிக்குது. "அந்த பைத்தியமும் இந்த புக்குலதான் மடிச்சு குடுன்னு நிக்குது, பாரு."

பாத்தா ஜெசிந்தா! என் கிளாஸ்தான், கடைசி பெஞ்ச்சு, எப்பவும் தலை குனிஞ்சுக்கினு இருப்பா. பேக்ல தாளுங்கள இஸ்திரி போட்டு வச்சிருக்கா. ரெண்டு பேரும் தரையிலயே உக்காந்து அடுக்கினோம். நான் பேசினேன் பாரு, தொண்டையே கட்டிக்கிச்சு. கடைசித் தாளு மட்டும் இல்ல. அதுக்கு முன்னாடி தாளு, ரேடியோல ஒரு பொம்பளை குரல் கேட்டுதுன்னு முடியுது.

"அதுவா? இப்பதானே அந்த பஸ்ல ஏறினவருக்கு மடிச்சேன்"னுது அக்கா. அதுக்குத்தான் அந்த ஓட்டம்.

மூச்சு வாங்கிக்கினு வெறுங்கையோட திரும்பி வந்தேன். எரிச்சல். "விடு, அது அந்த கப்பல்காரி குரலேதான், எங்கயோ பட்டு திரும்பி வருது"ன்னேன்.

"இல்லடி, வேற யாரோ பேசுறாங்க."

"லூசு மாதிரி பேசாத. அங்க யாருமே கிடையாது!"

என் மூஞ்சியவே பாத்தா. "யாருமே இல்லன்னா, இவ்ளோ நேரம் நீ யார்கிட்ட பேசிக்கினு இருந்த?"ன்னா. அவ தாளுங்கள பொறுக்கிக்கினு போயிட்டா.

ரெண்டு நாளா சோறு எறங்கல. போன் நம்பர் கூட வாங்கல. நாளைக்கு ஸ்கூலு. மறுபடி "தள்ளு", "பேனா குடு"ன்னா என்னால முடியாதுப்பா, செத்துருவேன் போல இருக்குது. அவகிட்ட போய், நீ சொன்னதுதான் கரெக்டுன்னு சொல்லிரட்டா? ஆனா நான் நம்பலயே, அவ கண்டுபுடிச்சுருவா. இல்ல, நேரா போய் பக்கத்துல உக்காந்து, அவ குரலேதாண்டின்னு சண்டையையே புடிக்கட்டா? சண்டையும் பேச்சுதானே? நீங்க என்ன நினைக்கிறீங்க, ஜல்தி சொல்லுங்களேன்?