முகம் தெரிந்த டேக்

"அசையாதீங்க டூப்பக்கா. பாருங்க, மூக்குல ஈஷிடுச்சு."

"ஏம்ப்பா, மூச்சுகூட விடக்கூடாதா?"

"விடுங்க. உள்பக்கமா விடுங்க."

மேக்கப்மேனின் தூரிகை கம்பிகளுக்கு நடுவே மறுபடி உள்ளே நீண்டது. உளவாளிப் படத்துக்காகச் செய்த முன்னால் கம்பி போட்ட தகரக் காற்றுக்குழாய்க்குள் டூப்பக்கா குப்புறக் கிடந்தாள். கதாநாயகிக்குப் பதிலாக விழுவதும் தொங்குவதும் ஊர்வதும் அவள் வேலை. அவள் நுழைந்ததும் பின்தகட்டைத் திருகாணி போட்டு மூடிவிட்டார்கள். திறந்தால் விளக்குகளை முதலிலிருந்து அடுக்கவேண்டும் என்று காலையிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கமே போகவில்லை. தோள் இரண்டும் தகரத்தில் இடித்தன. கால் மரத்துப்போய் யாருடைய காலோ போலக் கிடந்தது.

கதைப்படி உளவாளி, குவாரியில் கல் உடைக்கிற வீட்டுப் பெண். கறுப்பு. 'எத்தனை நாளைக்குத்தான் வெள்ளைத்தோலையே காட்டுறது?' என்று டைரக்டர் பேட்டிக்குப் பேட்டி உருகினார். பிறகு பால்போல வெளுத்த கதாநாயகியைக் கூட்டிவந்து கறுப்புப் பூசினார். டூப்பக்காவோ அந்தப் பூச்சைவிடக் கறுப்பு. அதனால் அதற்குப் பொருத்தமாக அவளுக்கு வெளுப்புப் பூசினார்கள். அவளுடைய அப்பாவும் குவாரியில் கல் உடைத்தவர்தான். அதை யார் கேட்டார்கள்? குழாய்க்குள் வேர்த்து ஊற்ற ஊற்ற, பூச்சு வழிந்து சொந்தத் தோல் எட்டிப்பார்த்தது.

"தொடைச்சுடு! பூச்சையெல்லாம் தொடைச்சுடு! இன்னொரு டேக் வேணாம்!" மானிட்டர் பக்கமிருந்து டைரக்டர் கத்தினார். "போன டேக்ல டூப்பக்கா முகம் திரும்பிடுச்சு. என்ன பார்வைடா அது! கூண்டுல மாட்டின புலி மாதிரி! அதையே வச்சுக்கலாம்."

காலில் சுளுக்குப் பிடித்துத்தான் திரும்பியிருந்தாள். டூப் போடுகிறவள் முகத்தைத் திருப்பவே கூடாது. திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தவள் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அப்போ நான் எதுக்கு?" கதாநாயகியின் குரல்.

"கம்பி நிழல்ல பாதி முகம்தாம்மா தெரியுது. நீங்க சரின்னா வச்சுக்கறேன். இல்லேன்னா திரும்ப எடுப்போம்."

ஒவ்வொரு படம் வந்ததும் டூப்பக்கா மகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவாள். "மாடியிலேருந்து குதிக்கிறது நான்தான்டி" என்றால், "முதுகைக் காட்டி ஏமாத்தாதம்மா" என்று அது சிரிக்கும்.

மேக்கப்மேன் நகர்ந்துகொண்டான். அந்த இடத்தில் கதாநாயகி வந்து குந்தினாள். பூசிய கறுப்பு முகம், கழுத்துக்குக் கீழே வெளுப்பு. விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள்.

"அக்கா, டூப்பே போடலன்னு எல்லா இடத்துலயும் சொல்லிட்டேன். உங்க முகம் வெளிய வந்தா என் மானம் கப்பலேறிடும். நான் வேணாம்னா பொறாமைம்பாங்க. நீங்களே சொல்லிடுங்களேன், அந்த டேக் சரியில்லன்னு."

"மொதல்ல பின்தகட்டைத் திறக்கச் சொல்லும்மா. கால் செத்துப்போச்சு."

"சொல்றேங்க்கா. நீங்க சொன்ன மறுநிமிஷம் நானே திருகாணியைக் கழட்டறேன். அடுத்த படத்துக்கும் நீங்கதான். வேற யாரையும் கூப்பிட விடமாட்டேன்."

கதாநாயகி திரும்பி, "சார், அக்கா ஏதோ சொல்லணுமாம்" என்றாள். டூப்பக்கா தலையைத் தூக்கப் பார்த்தாள். தகரம் நங்கென்று இடித்தது. மூக்கு நுனியிலிருந்து வெளுப்பு ஒரு சொட்டாகக் கீழே விழுந்தது. வெளியே அத்தனை பேரும் கூலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள்.

"என்ன டூப்பக்கா, ஏதோ சொல்லணுமாமே?" என்றார் டைரக்டர்.

கம்பியைப் பிடித்திருந்த கதாநாயகியின் விரல்கள் இறுகின.

"ஆமா சார்." அவள் குரல் தகரத்துக்குள் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "தகட்டைக்கூட அப்புறமா திறந்துக்கலாம். அந்த டேக்கை மட்டும் தூக்கிடாதீங்க சார்."