அண்ணையைக் கடத்திய கதை

செத்த அண்ணனின் கழுத்து டையை மூன்றாம் தடவையும் அவிழ்த்துக் கட்டினார் அருளம்பலம். முடிச்சு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது பட்டு டை. தன் கலியாணத்துக்குக்கூட அவர் அப்படி ஒன்றைக் கட்டியதில்லை.

“விடுங்கோ தம்பி, மனுசன்ர கழுத்து நெரியப்போகுது,” என்றாள் அண்ணி மனோகரி.

செத்தவீடு நடந்த மலர்ச்சாலை நிரம்பியிருந்தது. செயின்ட்-மிஷேல் பகுதித் தமிழ்ச்சனம் முழுக்க வந்து, இடமில்லாமல் சுவரோடு நின்றது. தன் செத்தவீட்டுக்கு இதில் பாதியாவது வருமா என்று அருளம்பலம் யோசித்துப் பார்த்தார். வராது.

அண்ணை நகுலேஸ்வரன் நைஜீரியாவில் எண்ணெய்க் குழாய் ஒட்டும் வெல்டராக இருந்தவர். ஆயுதம் தூக்கிய பெடியள் குழாயை வெடிக்க வைத்தால் அவருக்கு இரட்டைச் சம்பளம். அருளம்பலம் இங்கே பேக்கரி ஒன்றில் முப்பது வருடம் பாண் அடுக்கினார். அதை ஒருவனும் வெடிக்க வைக்கவில்லை. ஆகவே சம்பளமும் கூடவில்லை. கடைசியில் அந்தப் பெடியள் அண்ணையையே கடத்தினார்களாம். அதற்குக் கொம்பனி கொடுத்த நட்டஈட்டில்தான், பணக்காரர் இருக்கும் கர்க்லாண்டில் அண்ணை வீடு வாங்கினார் என்பது ஊர்ப்பேச்சு. பனிக்குள் பஸ்ஸுக்கு நின்ற நாட்களில், தன்னைக் கடத்த ஆளில்லையே என்று அருளம்பலம் ஏங்கியதுண்டு.

ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். அண்ணை அந்தக் கதையை முதல் தடவை சொன்னபோது, பெடியள் அவரைப் பிடித்து வைத்திருந்தது பதினேழு நாள். பேத்தியின் பிறந்தநாளில் இருபத்தெட்டு. போன தைப்பொங்கலுக்கு முப்பத்தொன்பது. கூடவே ஒரு முதலை.

அண்ணையின் மகன் சாரங்கன் வந்து தோளில் கைவைத்தான். “சித்தப்பா, நீங்கள்தான் கதைக்கவேணும். அப்பாவைக் கடத்தினதைச் சொல்லுங்கோ. சனம் அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கு.”

“ஓம், சொல்லுறன்.”

அந்த மூன்று கணக்கையும் இன்றைக்குச் சபையில் வரிசையாக எடுத்துவிடுவது என்று அருளம்பலம் முடிவுகட்டினார். அண்ணை எழும்பி மறுத்துப் பேசப்போவதில்லை.

அப்போது உயரமான ஓர் ஆபிரிக்கர் வந்து பெட்டியருகே முழந்தாளிட்டார். பெயர் டோனியே. நைஜீரியாவில் அண்ணையின் வாகனத்தை ஓட்டியவர். செய்தி கேட்டு ஒட்டாவாவிலிருந்து வந்திருந்தார். எழுந்ததும் அருளம்பலத்தின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னார்: கடத்தப்பட்டது தான்தான். பதினேழு நாள். வெளிநாட்டுக்காரனென்றால் கொம்பனி மீட்கும். உள்ளூர்ச் சாரதிக்கு ஒரு சதமும் கொடுக்காது. கைச்சேமிப்பு முழுவதையும் கொடுத்துத் தன்னை மீட்டது நகுலேஸ்வரன். அடுத்த மாதமே வெடிப்புகளுக்குப் பயந்து கொம்பனி அங்கே வேலையை இழுத்து மூடியது. வெல்டர்கள் போனார்கள், அவர்கள் சாப்பிட்ட கடைகளும் போயின.

அருளம்பலம் அண்ணியிடம் திரும்பினார். “அப்ப கர்க்லாண்ட் வீடு?”

“அது சாரங்கன்ர மோட்கேஜ். இன்னும் இருபது வருசம் கிடக்கு.” மனோகரி குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்கு முன்னால வெறுங்கையோட வந்து நிக்க அவருக்கு வெக்கமாம். அதுதான் அந்தக் கதை.”

அருளம்பலத்துக்கு நெஞ்சு எரிந்தது. அண்ணை பணக்காரன் என்பதையாவது தாங்கிக்கொண்டு வந்தார். இப்போது நல்லவனும் ஆகிவிட்டார். இனி அவரை எங்கே பிடிப்பது?

மைக்கின் முன்னால் போய் நின்றார். மண்டபம் அடங்கியது. முன்வரிசையில் மனோகரி மூச்சுவிடாமல் அவரையே பார்த்தாள். சாரங்கன் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தான்.

அருளம்பலம் தொண்டையைச் செருமினார். பெட்டியை ஒருமுறை பார்த்தார்.

“அண்ணையை நாப்பத்தாறு நாள் வைச்சிருந்தவங்கள்,” என்றார். “அவங்கள் முதல்ல போன் எடுத்தது எனக்குத்தான். ‘காசோட வா, இல்லாட்டி கொண்ணன் இல்லை’ எண்டாங்கள். ‘தம்பிமார், எனக்கு இப்ப பேக்கரியில ஷிப்ட். பின்னேரம் எடுங்கோ’ எண்டன்.”

சனம் சிரித்தது. மனோகரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி வரிசையில் டோனியே, ஒரு சொல்லும் விளங்காமல், மற்றவர்கள் சிரித்த இடத்தில் தானும் சிரித்தார்.