அண்ணிக்குக் கீழே உப்பு

எனக்குப் பேச்சு போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார்கள். சுத்தப் பொய். பேச்சு போகவில்லை, பொருட்களின் பெயர்கள்தான் போயின. மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தபோது வலது கை கொஞ்சம் மரத்திருந்தது, அவ்வளவுதான். எடு, வை, போ, வா எல்லாம் இருந்தன. எண்கள் இருந்தன. திட்டு வார்த்தைகள் ஒன்றுகூடக் குறையாமல் பத்திரமாக இருந்தன. ஆனால் கையில் கரண்டியைக் கொடுத்து இது என்ன என்று கேட்டால், நன்றாகத் தெரியும், பெயர் மட்டும் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போய்விடும். இதை எழுதி முடிக்க எத்தனை நாளானது என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

"அதை எடுத்துட்டு வாங்க" என்பேன். என் வீட்டுக்காரர் ஓடுவார். ஒருநாள் குளித்துவிட்டுக் கதவிடுக்கில் கையை நீட்டித் துண்டு கேட்டேன். முதலில் செருப்பு வந்தது. அப்புறம் தலையணை. மூன்றாவதாகத் தேநீர்.

"குளிச்சிட்டு நிக்கிறவளுக்கு என்னங்க வேணும்? கொஞ்சம் யோசிக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். அந்த வாக்கியம் முழுசாக வந்தது பாருங்கள், அதுதான் எரிச்சல்.

நான் ஒரு வாடகைக் கார் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவள். பழைய கம்பெனி. வண்டிகளில் வழிகாட்டும் திரை எல்லாம் கிடையாது, எங்கள் குரல்தான் வழி. சந்தைக்குப் பின்னால் போ, மருத்துவமனைக்கு இரண்டாவது வாசல், மணிக்கூண்டைச் சுற்றி வா என்று நாள் முழுக்கப் பெயர்களாகவே பேசிப் பிழைத்தவள். முதலாளி வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனுஷர்.

"உங்க இடத்துல வேற ஆளைப் போட எனக்கு மனசு வரலம்மா. ஆனா வண்டி எங்க போகணும்னு சொல்ல முடியாதவங்களை மைக்ல உட்கார வைக்கவும் முடியாது. மாசக் கடைசியில வாங்க. ஒரு மணி நேரம் உட்காந்து பாருங்க. சரியா வந்தா நாற்காலி உங்களுது" என்றார்.

வராவிட்டால்? வீட்டில் உட்கார்ந்து 'அது, இது' என்று சொல்லிக்கொண்டு, வருகிறவர்கள் எல்லாம் குழந்தையிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேச, மீதிக் காலத்தைத் தள்ள வேண்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் என் போனில் அந்த மைண்ட் மேப் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். திரை நடுவே ஒரு வட்டம். அதைத் தொட்டு இழுத்தால் ஒரு கோடு, கோட்டின் முனையில் இன்னொரு வட்டம், அதிலிருந்து இன்னொன்று. பெரிய கம்பெனிகளில் திட்டம் போடுகிறவர்கள் பயன்படுத்துவதாம். எனக்கு எதற்கு என்று முறைத்தேன்.

"ஒரு பேரு வரலைன்னா அதையே பிடிச்சு இழுக்காதீங்கம்மா. அந்தப் பொருளை நினைச்சா கூடவே வேற எது ஞாபகம் வருதோ, அது பின்னாடி போங்க. பேரு கிடைச்சதும், எது வழியா வந்துச்சோ அதுக்குக் கீழயே மாட்டி விடுங்க. சரியா தப்பான்னு மட்டும் பாக்காதீங்க" என்றாள்.

நடுவட்டத்தில் 'வீடு' என்று போட்டேன். இடதுகைக் கட்டைவிரலால் தட்டித் தட்டி ஆரம்பித்தேன். உப்பு வரவில்லை, அண்ணி வந்தாள். அவள் சமையலில் உப்பு இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அண்ணியைத் தொட்டதும் உப்பு வந்து குதித்தது. அங்கேயே மாட்டினேன். கரண்டி, கோபத்துக்குக் கீழே. அம்மா எங்களை நோக்கி ஓங்கிய பொருள் அதுதான். மூக்குக்கண்ணாடி மழைக்குக் கீழே. குடை பேருந்துக்குக் கீழே, என் குடைகள் எல்லாம் பேருந்தோடு போனவை. சாவி மகளுக்குக் கீழே. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் தொலைக்காத சாவி இந்த வீட்டில் இல்லை.

அடுத்த தடவை உப்பு தொலைந்தால் போனை எடுப்பேன், அண்ணியைத் தொடுவேன், உப்பு இருக்கும். கொஞ்ச நாளில் போனை எடுக்காமலே அண்ணியை நினைத்தாலே போதும் என்றாயிற்று.

ஒரு காலை, பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது, திரையில் இரண்டு விரலை வைத்துச் சுருக்கினேன். ஒவ்வொரு வட்டமாகவே பார்த்துப் பழகியவள், முழுவதையும் அன்றுதான் பார்த்தேன். திரை கொள்ளாமல் விரிந்து கிடந்தது. கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னும் கிளை. கோபத்திலிருந்து கரண்டி, கரண்டியிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து பூனை, பூனையிலிருந்து என் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஜன்னல். உடம்பெல்லாம் சிலிர்த்தது. மண்டைக்குள் எல்லாவற்றையும் காலிசெய்துகொண்டு போய்விட்டார்கள் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே போகவில்லை. பெரிய வாசல் அடைத்துக்கொண்டதே தவிர, சந்து வழியாகப் போனால் அத்தனையும் அப்படியே இருந்தது. நான் பிறந்ததிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. அழுதேன். அதைப் பார்த்து இவர் தேநீர் கொண்டுவந்தார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் உதிரிபாக ஸ்டோர் இவர் பொறுப்பு. போல்ட்டுக்கு ஒரு ரேக், நட்டுக்கு ஒரு ரேக், வாஷருக்கு ஒரு டப்பா. வீட்டிலும் சாக்ஸை நிறவாரியாக அடுக்குகிறவர். மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, நான் மதியம் தூங்கிய நேரத்தில், என் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எழுந்து வந்தேன். முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார்.

"பாரு, எல்லாம் கண்டபடி கிடந்துச்சு. உப்பு போய் அண்ணிக்குக் கீழ கிடக்கு! பாவம், உனக்குக் குழம்பிப் போச்சு போலன்னு நானே சரிபண்ணிட்டேன்."

சமையலறை, அதற்குக் கீழே கரண்டி, உப்பு, டம்ளர். உடைகள். கருவிகள். வாகனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். கடை அலமாரி மாதிரி பளிச்சென்று இருந்தது. அண்ணிக்குக் கீழே எதுவும் இல்லை. மழை மொட்டையாக நின்றது.

மேஜைமேல் இருந்த கரண்டியைப் பார்த்தேன். பெயர் வரவில்லை. கோபத்தைத் தொட்டேன், கோபத்தில் ஒன்றுமில்லை. என் உள்ளே மட்டும் அது தாராளமாக இருந்தது.

"உங்களுக்கு மூளை இருக்கா? யாரைக் கேட்டுக் கைவச்சீங்க? என் தலையை நோண்ட உங்களை யாரு கூப்பிட்டா?" எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. கையில் அகப்பட்டதை விட்டெறிந்தேன். நல்லவேளை, அது தலையணை.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. செய்ததைத் திரும்பப் பெறும் அம்புக்குறியை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் பின்னால் போய் அது நின்றுவிட்டது. மனுஷர் அவ்வளவு வேலை பார்த்திருக்கிறார். பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டார். "மறுபடியும் உட்காந்து மாட்டணும் சார், வேற வழி இல்ல. ஆனா அவங்கதான் சொல்லணும்" என்றாளாம்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு, "இது எங்க இருந்துச்சும்மா?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொருளை நினைத்தேன். அதே அண்ணி, அதே மழை, அதே பேருந்து. இடம் மாறவே இல்லை. நான் விரலால் காட்ட, அவர் இழுத்துக்கொண்டுபோய் மாட்டினார். முதலில் முணுமுணுப்போடுதான் செய்தார். போகப் போக முணுமுணுப்பு நின்றது.

"பூனையை எதுக்கு சாம்பல்ல வைக்கிற?"

"பழைய வீட்டு அடுப்புல படுத்துக் கிடக்கும். காலையில தட்டி எழுப்பணும்."

"இந்த ஸ்குரூடிரைவர்? கருவிதானே இது. இதைப் போய் கல்யாணத்துக்குக் கீழயா?"

"கல்யாணமாகி மறுநாள் காலையில நீங்க என்கிட்ட பேசுன முத வார்த்தை என்ன?"

யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு மெதுவாக, "கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

"எவ்வளவு ஆசையா உட்காந்திருந்தேன் தெரியுமா? ஸ்குரூடிரைவர் இருக்கான்னு கேக்குறீங்க!"

சிரிப்பார் என்று நினைத்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பிடித்திருந்த போனை அப்போதுதான் பிறந்த பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்தினார்.

"முப்பது வருஷமா ஸ்டோர் பாக்குறேன். இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல. ரேக் இல்ல, நம்பர் இல்ல, கேட்டா கேட்ட உடனே எடுத்துக் குடுக்குற" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் எங்க இருக்கேன் இதுல?" என்று கேட்டார்.

"நீங்க என்ன சாமானா?" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்கக் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

மாசக் கடைசி வந்தது. கண்ட்ரோல் ரூமில் அதே நாற்காலி, அதே கீறல் விழுந்த மேஜை. முதலாளி சுவரோரமாக நின்றார். இவர் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். "யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது" என்று முதலாளி இவரைப் பார்த்துச் சொன்னார். போனை மேஜையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "கண்ணாடி போட்டுக்குற மாதிரிதானே, வச்சுக்கங்க" என்றார்.

முதல் அழைப்பு சந்தைக்கு. வந்தது. அடுத்து மருத்துவமனை, போனில் ஒரு தொடுதல், வந்தது. மணிக்கூண்டு தானாகவே வந்தது. முதுகு நிமிர்ந்தது. பழைய ஓட்டுநர்கள் என் குரல் கேட்டதும் "அக்கா வந்துட்டாங்கடா" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். முதலாளி அதட்டி அடக்கினார்.

அப்புறம் ஒரு பெண் கூப்பிட்டாள். "கண்ணாடி அறுக்குற கடை வாசல்ல நிக்கிறேங்க. ரயிலுக்கு நேரமாச்சு, பெட்டி வேற நிறைய இருக்கு." பக்கத்தில் காலியாக இருந்தது இருபத்தேழாம் நம்பர் வண்டி ஒன்றுதான். ஓட்டுநர் புதுசு. நான் படுத்திருந்த காலத்தில் சேர்ந்தவன். முகம்கூடப் பார்த்ததில்லை.

"கண்ணாடிக் கடையா? அது எங்கக்கா இருக்கு?" என்றான்.

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா! தண்ணீர்த் தொட்டிக்கு நேர் எதிரே. ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் தொட்டியைச் சொல்லித்தான் வழி சொல்வேன். வாயைத் திறந்தேன். இல்லை. அந்தப் பெயர் இல்லை. போனைப் புரட்டினேன். இத்தனை நாளில் அது ஒருநாளும் தொலைந்ததில்லை, அதனால் அதை எங்கேயும் மாட்டவே இல்லை. இடது, வலது என்று சொல்லலாமென்றால் அவன் நின்ற இடத்திலிருந்து அங்கே போகக் குறுக்கும் நெடுக்குமாக அத்தனை சந்துகள்.

"அக்கா? எந்தப் பக்கம் திரும்பட்டும்?"

இவர் ஸ்டூலில் தவித்தார். உதடு அந்தப் பெயரைச் சொல்லப் போனது. முதலாளி திரும்பிப் பார்க்க, சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியின் கை மைக்கை நோக்கி நீண்டது.

கண்ணை மூடினேன். அதை நினைத்தேன். நாலு கால், மேலே கனம், எல்லா வீட்டுக்கும் மேலே தலை. பெயருக்குப் பதில் அப்பா வந்தார். வேறு யாரும் வரவில்லை, அப்பாதான் வந்தார். நான் அவர் பின்னாலேயே போனேன்.

"அப்பா" என்றேன் மைக்கில். "அப்பா நிக்கிறாருல்ல... உசரமா. எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் தெரியுறாரே. நம்ம வீடு வந்து சேர்ற வரைக்கும் உட்காராம நிக்கிறாரே. அவருக்கு எதிர்ல."

யாரோ ஒரு பழைய ஆள், "யாரோட அப்பாக்கா?" என்று சிரித்தான். என் காது சூடானது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"புரிஞ்சுதுக்கா. போயிட்டேன்" என்றது இருபத்தேழு.

அடுத்த அழைப்பு வந்தது, எடுத்தேன், அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது. "கண்ணாடிக் கடை, அந்தம்மா ஏறிட்டாங்க. ஸ்டேஷனுக்குப் போறோம்."

முதலாளி குனிந்து மைக்கை இழுத்தார். "தம்பி, அது தண்ணீர்த் தொட்டின்னு உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

"தெரியலீங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அதைத் தாண்டிப் போறப்ப எல்லாம் எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வரும். அவர் இப்ப இல்ல. யார்கிட்டயும் நான் இதைச் சொன்னதில்ல."

என் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது என்று நான் நினைத்த சந்து, முகம் தெரியாத ஒருவன் மண்டைக்குள்ளும் போகிறது. எத்தனை பேர் இப்படி வாய் திறக்காமல் அந்தத் தொட்டியைத் தாண்டிப் போகிறார்களோ! இவர் கதவருகே வாயைப் பொத்திய கையை எடுக்காமலே அழுதுகொண்டிருந்தார். முதலாளி மைக்கை மறுபடியும் என் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, என் பழைய ஹெட்போனைத் தேடி எடுத்துவரப் போனார்.