சனிக்கிழமை வாங்கிய துவக்கு

சனிக்கிழமை இரும்பு வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்ற சாத்திரம், தேவமலருக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஞாபகம் வந்தது. வந்ததை விடாமல் பிடித்துக்கொண்டாள். துவக்கு என்கிற வேட்டைத் துப்பாக்கியும் இரும்புதானே!

அவளுடைய புருஷன் அரியரத்தினத்துக்கு ஐம்பத்தைந்து வயதில் வேட்டைப் பித்துப் பிடித்திருந்தது. ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கம்பித் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஹெல்முட் ஏற்றிவிட்ட பித்து. மனுசன் இரண்டு தரம் கோட்டை விட்டு, மூன்றாம் தரம் வேட்டைப் பரீட்சையில் தேறினார். மான் குளம்பிலிருந்து மரத்தின் பெயர் வரை அத்தனையும் ஜெர்மன் மொழியில் பாடமாக்கினார். கலியாண நாளை ஞாபகம் வைக்கத் தெரியாத மனுசன்!

அடுத்த கிழமை சோளம் வெட்டும்போது தோட்டத்துக்குள்ளிருந்து காட்டுப்பன்றிகள் வெளிக்கிடும். "சொந்தத் துவக்கோடு வா, வேட்டைக்காரர் வரிசையில் உனக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்று ஹெல்முட் சொல்லியிருந்தான். இந்த நாட்டில் இருபத்தெட்டு வருடம் கோப்பை கழுவியும் பெட்டி அடுக்கியும் கம்பி இழுத்தும் வாழ்ந்தவருக்கு, உனக்கென்று ஓர் இடம் என்று அதுவரை ஒருத்தனும் சொன்னதில்லை. அது தேவமலருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நேரே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவரோ, "நீர் ஓமெண்டாத்தான் துவக்கு வீட்டுக்குள்ள வரும்" என்று சொல்லிவிட்டார். பழி முழுக்க இப்போது அவள் தலையில்.

அரை மணித்தியால ஓட்டத்தில் ஒரு கிராமம். ஃபிராவ் லூக்க என்ற மூதாட்டி, செத்துப்போன கணவனின், முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் துவக்கை இருநூற்று இருபது யூரோவுக்கு விற்க விளம்பரம் போட்டிருந்தார். கடையில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு இன்னொருவர் பார்க்க வருகிறார், அதற்கு முன் வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

"இஞ்சேருங்கோ, சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாதெல்லே?" என்று காருக்குள் தொடங்கினாள்.

"பாக்கத்தானே போறம். பேசாமல் வாரும்."

ஃபிராவ் லூக்க அரியரத்தினத்தின் வேட்டை அனுமதிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுத்தான் இரும்புப் பெட்டகத்தைத் திறந்தார். அரியரத்தினம் துவக்கை வாங்கி, குழல் வாயை நிலத்தைப் பார்க்கப் பிடித்து, முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தார்.

சடக்.

தேவமலர் பத்து வயதுப் பிள்ளையாகிவிட்டாள். ஊரில், கோப்பாய் வீட்டு வாசல். அப்பாவின் தலைக்கு நேரே ஒரு துவக்கு. அதே சத்தம். துவக்கோடு வந்தவர்கள் அன்றைக்கு அப்பாவை உயிரோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சத்தம்தான் அவளை விட்டுப் போகவில்லை.

"இண்டைக்குச் சனி. வேண்டாம், வாங்கோ போவம்" என்றாள்.

அரியரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு துவக்கை மேசையில் மெல்ல வைத்தார். "என் மனைவியின் குடும்பத்தில் சனிக்கிழமை இரும்பு வாங்குவதில்லை, மன்னிக்க வேண்டும், இரண்டு மணிக்கு வருபவருக்கே கொடுங்கள்" என்று அந்த முதியவரிடம் ஜெர்மனில் சொன்னார். ஃபிராவ் லூக்க சுவரிலிருந்த கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அதில் அப்படியொன்றும் போட்டிருக்கவில்லை.

அப்போதுதான் தேவமலருக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முதல் தொண்ணூறு கிலோ இரும்புப் பெட்டகம் வீட்டு நிலக்கீழ் அறைக்குள் இறங்கியதும் ஒரு சனிக்கிழமைதான். ஹெல்முட்டும் இவரும் மூச்சு வாங்கச் சுமந்தார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததே அவள்தான். அது இவருக்கு மறந்திருக்குமா? பொய் என்று தெரிந்துகொண்டே, அவள் மானம் போகாமல் தன் ஆசையை விழுங்கிவிட்டு நிற்கிறார். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"சனியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை! எனக்கு அந்தச் சத்தம்தான் பயம்." நின்ற நிலையில் கோப்பாய்க் கதை முழுவதையும் கொட்டினாள். அழுகையும் வந்துவிட்டது. தமிழ் விளங்காத ஃபிராவ் லூக்க ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இருபத்தெட்டு வருசமா ஏனப்பா சொல்லேல்லை?" என்று கேட்டார் அரியரத்தினம்.

"நீங்கள் கேட்டனீங்களே?"

அரியரத்தினம் தலையைத் தடவிக்கொண்டார். "மலர், துவக்கு எனக்கு வேண்டாம், அதை விடும். ஆனா ஒண்டு சொல்லோணும். இஞ்சை வேட்டைக்காரர் ஆளையாள் சந்திச்சா இதைத்தான் முதல் செய்யிறவை. இழுத்துத் திறந்து காட்டுவினம். உள்ளுக்கு ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ எண்டு. திறந்து காட்டாதவனை ஒருத்தரும் பக்கத்திலை சேர்க்கமாட்டினம்."

"அதுக்கோ அந்தச் சத்தம்?"

"இஞ்சை அதுக்குத்தான்."

தேவமலர் தண்ணீரைக் குடித்து முடித்தாள். மூக்கைத் துடைத்தாள்.

"இன்னொருக்கா இழுங்கோ."

"வேண்டாமப்பா."

"இழுங்கோ எண்டுறன்!"

சடக். உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் அவள் ஓடவில்லை. குனிந்து, திறந்திருந்த இடத்துக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். எண்ணெய் மணத்தது. ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்து கைப்பையைத் திறந்தாள். "என்ரை கையாலைதான் காசு குடுப்பன். இருநூறுக்குத் தருவாவோ எண்டு கேளுங்கோ. சனிக்கிழமை எல்லே, எங்களுக்கும் ஒரு நட்டம் இருக்கு!"

அரியரத்தினம் சிரிப்பை அடக்க மாட்டாமல் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னார். ஃபிராவ் லூக்க விழுந்து விழுந்து சிரித்தார். இருநூறை வாங்கிக்கொண்டு, பூட்டுப் போட்ட தோல் பையையும் சும்மா கொடுத்தார். இரண்டு மணி ஆளுக்குத் தொலைபேசி எடுத்து, வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தேவமலர் உலையை வைக்கச் சமையலறைக்குள் போனாள். நிலக்கீழ் அறையிலிருந்து குரல் வந்தது.

"மலர், ஒருக்கா இஞ்சை வாரும்."

அரிசிக் கையோடு இறங்கினாள். பெட்டகத்துக்கு முன்னால் நேராக நின்று, ஒரு வேட்டைக்காரன் இன்னொரு வேட்டைக்காரனுக்குச் செய்வது போல, அரியரத்தினம் துவக்கைத் திறந்து அவளுக்குக் காட்டினார். சத்தம் கேட்டது. அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை," என்றாள். "பூட்டிப்போட்டுச் சாப்பிட வாங்கோ."