பிரிக்காத பொட்டலம்

என் அப்பா வீரமலை எதற்கெடுத்தாலும் பூப்போட்டுப் பார்ப்பவர். ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கலாமா, போர்வெல் எந்த மூலையில் போடலாம், அத்தை மகளுக்குப் பார்த்திருக்கும் இடம் சரியா என்று எது வந்தாலும் கொள்ளிடக் கரையில் இருக்கும் எங்கள் மதுரைவீரன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். செவ்வரளி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, ஒரே அளவில் இரண்டு பொட்டலமாகச் சாமி காலடியில் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

நான் பிசிக்ஸ் படித்ததே வெள்ளைப் பூ வந்ததால்தான். சிவப்பு வந்திருந்தால் பி.காம். முடித்து அப்பாவின் வாழைக்காய் மண்டியில் உட்கார்ந்து அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். இப்போதும் சண்டைதான் போடுகிறேன், டாக்டர் பட்டத்தோடு.

போன ஜூலையில் பின்லாந்திலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. குவாண்டம் கம்ப்யூட்டர் செய்யும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷ வேலை. என் கைடு அருள்ராஜ் சார் மெயிலைப் படித்துவிட்டு, "ரஞ்சனி, இதுல யோசிக்கறதுக்கு எதுவுமே இல்ல" என்றார். நானும் யோசிக்கவில்லை. அப்பாதான் யோசித்தார். ராத்திரி சாப்பிட்டுக் கையைக் கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பூப்போட்டுப் பார்த்துடலாம்மா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கு வயது இருபத்தொன்பது. பாஸ்போர்ட் என் பெயரில் இருக்கிறது, டிக்கெட்டும் அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்பா சரி என்று சொல்லாவிட்டாலும் விமானம் பறக்கும். ஆனால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட என்னால் முடியாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் ஒரே பெண்.

அவருடைய பயம் என்னவென்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. சந்திரம்மாள் அத்தையின் மகன் சிவசங்கரும் இரண்டு வருஷம் என்றுதான் அமெரிக்கா போனான். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் வந்து தன் வீட்டுப் புல்தரையைக் காட்டுகிறான். அத்தையும் முசிறியில் உட்கார்ந்துகொண்டு, புல் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பதில் சொல்கிறாள்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காந்தி மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் மண்டிக்கே போய்விட்டேன். பூவன் வாழைத் தார்களை இறக்கி முடித்திருந்தார்கள். அப்பா அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். பொட்டலத்தைக் கட்டும்போதே உள்ள என்ன நிறம்னு முடிவாயிடுதுல்ல? அதுக்கப்புறம் சாமி என்ன பண்ணும்?"

"பிரிக்கிற வரைக்கும் அது சாமி கையில இருக்கும்மா."

"அது இலைக்குள்ள இருக்கு. சிவப்புன்னா சிவப்பு, வெள்ளைன்னா வெள்ளை. நமக்குத் தெரியலேன்னா அதுக்கு நிறமே இல்லைன்னு ஆயிடுமா?"

"பார்க்காதப்ப அது சிவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. பிரிச்சாத்தான் ஆச்சு."

என் ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க, நாற்பது பக்கம், மூச்சு முட்ட நான் எழுதியிருப்பது இதைத்தான். அணுவைப் பற்றியும் எலக்ட்ரானைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், அரளிப் பூவைப் பற்றி இல்லை. பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் ஒரு நிலை உண்டு, நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு கட்சி. பார்க்கும்வரை அப்படி ஒரு நிலையே இல்லை என்று இன்னொரு கட்சி. நூறு வருஷமாகப் படித்தவர்கள் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள், இன்னும் தீரவில்லை. அந்தச் சண்டையில் என் அப்பா என் கட்சியில் நிற்கிறார், நான் போய் எதிர்க்கட்சியில் நிற்கிறேன்.

"அது கியூபிட்டுக்குப்பா, பூவுக்கு இல்ல!" என்று கத்தினேன். தார் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, அதைக் காட்டு. பார்ப்போம்" என்றார் அப்பா.

எங்களைப் போன்ற ஆராய்ச்சிக்காரர்களுக்காக நிஜமான குவாண்டம் கம்ப்யூட்டர் ஒன்றை இணையம் வழியாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். கணக்கை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருந்தால், நம் முறை வரும்போது ஓட்டிப் பதில் அனுப்புவார்கள். அதற்குள் இருப்பதுதான் கியூபிட். அதைப் பிரித்துப் பார்த்தால் சைபர் அல்லது ஒன்று, இரண்டில் ஒன்றுதான் வரும். சைபரை வெள்ளை என்றும் ஒன்றைச் சிவப்பு என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் அதை வெள்ளையில் நிறுத்தி, ஒரு குலுக்குக் குலுக்கி, பிரித்துப் பார்க்கும்படி கணக்கு எழுதி அனுப்பினேன். ஆயிரம் தடவை.

இரண்டாவது டீ முடிவதற்குள் பதில் வந்தது. வெள்ளை ஐந்நூற்று மூன்று, சிவப்பு நானூற்றுத் தொண்ணூற்றேழு.

"இதுக்கு எதுக்கும்மா மெஷினு? நம்ம பூசாரி ராசப்பன் போதுமே."

"இருங்க. இப்ப ஒரு குலுக்கு. பிரிக்காம, பார்க்காம, அதே மாதிரி இன்னொரு குலுக்கு. அப்புறம் பிரிக்கணும். என்ன வரும்?"

"ரெண்டு தடவை குலுக்கினா மட்டும் என்ன, பாதிக்குப் பாதிதான்."

பதில் வந்தது. வெள்ளை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

"திரும்ப வெள்ளைக்கே வந்துடுச்சா?"

"ஆமாப்பா. மொத குலுக்குலயே உள்ளுக்குள்ள ஏதோ ஒரு நிறம் முடிவாகி ஒளிஞ்சிருந்தா, ரெண்டாவது குலுக்குலயும் பாதிக்குப் பாதிதான் வந்திருக்கும். வரல பாருங்க. நடுவுல அது சிவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. உங்க பூ அப்படி இல்லப்பா."

அப்பா காலி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நடுவுல ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துட்டா?" என்றார்.

நான் பாடம் எடுக்கும் வகுப்பில் முப்பது பேர் இருக்கிறார்கள். ஒருத்தர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கு அப்பாமேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. நடுவில் ஒரு தடவை பார்க்கும்படி மாற்றி அனுப்பினேன். வெள்ளை நானூற்று எண்பத்தெட்டு, சிவப்பு ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"பார்த்த உடனே கெட்டுப்போயிடுது."

"அதேதான்பா. இந்த மெஷின்ல கணக்கு ஓடும்போது நடுவுல யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் சூடு உள்ள போனாக்கூடப் பார்த்த மாதிரிதான். அதனாலதான் ஐஸை விடக் குளிரா பெட்டிக்குள்ள வெச்சு மூடியிருக்காங்க. பார்க்காம விட்டாத்தான் கணக்கு ஒழுங்கா முடியும்."

"பழுக்க வெக்கிற ரூம் மாதிரி சொல்லு. திறந்து திறந்து பார்த்தா ஒரு தாரும் தேறாது" என்றவர், விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "சரி, அந்த ஒம்பது என்னாச்சு?"

"எந்த ஒம்பது?"

"ஆயிரத்துல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு திரும்பி வந்துச்சு. மிச்சம் ஒம்பது வரலையே?"

நாற்பது வருஷம் தார் எண்ணிய கண்ணுக்கு ஒன்பது தப்புமா? "அது மெஷினோட கோளாறுப்பா. அதைக் குறைக்கறதுக்குத்தான் என்னை அங்க கூப்பிடறாங்க" என்றேன்.

அப்பா "ஓ" என்று மட்டும் சொன்னார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து லேப்டாப்பை மூடினேன்.

"அப்ப பூப்போடறது வேணாம்ல?"

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் போறோம். குளிச்சுட்டு ரெடியா இரு."

வெள்ளிக்கிழமை காலை அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினாள். எங்கள் வீட்டில் பொட்டலம் கட்டுவது எப்போதும் அம்மா பவுனம்மாளின் வேலை. கொள்ளிடத்தில் கரை நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பகலில் லோடு ஆட்டோ ஓட்டும் ராசப்பன், விடிகாலையில் மட்டும் பூசாரி. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கற்பூரம் காட்டி, பொட்டலங்களைச் சாமி காலடியில் போட்டார்.

சாமியை நம்புகிறவர்களுக்குக் கடைசி நிமிஷத்தில்கூட ஏதாவது மாறலாம் என்று ஒரு தைரியம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. அந்த இலைக்குள் நிறம் எப்போதோ முடிவாகிவிட்டது. ராசப்பன் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் என் இரண்டு வருஷம்.

கை இடது பக்கம் போனது. எடுத்த பொட்டலத்தை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை உள்ளங்கையில் வைத்து, நார் முடிச்சைக் கட்டை விரலால் தடவினார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதைப் பிரிக்காமலே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றதை எடுத்துப் படியிறங்கித் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தார்.

"என்னங்க, பிரிக்கலையா?" என்றாள் அம்மா.

"பிரிக்கல."

"பிரிக்காம உத்தரவு எப்படிங்க தெரியும்?" ராசப்பனுக்குத் தன் தொழிலிலேயே கை வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நடுவுல பார்த்தா கெட்டுப்போயிடும் ராசப்பா. பார்க்காம விட்டா, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துடும். இவ மெஷின்ல என் கண்ணால பார்த்தேன்" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ போயிட்டு வாம்மா. வந்தப்புறம் பிரிச்சுக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடச் சரியில்லை. பூ கியூபிட் இல்லை. அதை யாரும் குலுக்கவும் இல்லை. பின்லாந்து போவதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தப்பாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் திருத்தாமல் நான் விட்டதே கிடையாது. துவாக்குடி பஸ்ஸில் யாரோ இரண்டு பேர் மின்னலைப் பற்றித் தப்பாகப் பேசியதற்காக, திருவெறும்பூரில் இறங்காமல் அவர்களோடு கடைசி ஸ்டாப் வரை போனவள் நான்.

வாயை மூடிக்கொண்டேன். "சரிப்பா" என்றேன்.

அப்பா ஸ்கூட்டரை எடுக்கப் போனதும் அம்மா என் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பின்னால் இழுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக இருந்தன.

"இந்த மனுஷனை என்னடி பண்றது? ரெண்டுலயும் நந்தியாவட்டைதான் வெச்சேன். சிவப்பே வெக்கல. கண்ணு முன்னாடி பிரிச்சு, மனசார உன்னை அனுப்பட்டும்னு பார்த்தா, பையில போட்டுக்கிட்டுப் போறாரு!"

"அம்மா! சாமி விஷயத்துல ஏமாத்தலாமா?"

"நீயா கேக்கற இதை? நீ பிசிக்ஸ் படிக்கணும்னு அழுதப்பவும் ரெண்டுலயும் வெள்ளைதாண்டி வெச்சேன். வீடு வாங்கறப்பவும் அதேதான். எடுக்காததைப் பிரிக்கக் கூடாதுன்னு பெரியவங்க வெச்சாங்களே, அது எவ்வளவு சௌகரியம் தெரியுமா?"

இருபத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்தது யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அங்கேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா தூரத்திலிருந்து ஹாரன் அடித்தார்.

செப்டம்பரில் கிளம்பினேன். திருச்சி ஏர்போர்ட் வாசலில் அம்மா மாவடு ஜாடியைப் பற்றிப் பத்தாவது தடவையாக விசாரித்தாள். அப்பா அதிகம் பேசவில்லை. அவர் சட்டைப் பையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை தெரிந்தது. அதற்குள் காய்ந்து சுருண்ட இலைப் பொட்டலம் இருந்தது. நார் முடிச்சு போட்டது போட்டபடியே இருந்தது.

"ரஞ்சனி, அங்க போனதும் மொத வேலையா அந்த ஒம்பதைச் சரி பண்ணிடும்மா."

"எந்த ஒம்பதுப்பா?"

"ஆயிரத்துல ஒம்பது திரும்பி வரலையே. அன்னையிலேருந்து எனக்கு அதே நினைப்பாவே இருக்கு."

மண்டியில் டீ குடித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி மெஷினைப் பற்றியது இல்லை, சிவசங்கர் மாதிரி திரும்பி வராமல் போகிறவர்களைப் பற்றியது என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. அவ்வளவு படித்தும் எனக்கு உறைக்கவில்லை, அவரோ இரண்டு மாதமாக அந்த ஒன்பதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. நான் பெட்டியைக் கீழே விட்டுவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டேன். மண்டியின் வாழைக்காய் வாசனை அவர்மேல் அப்படியே இருந்தது.

"சரி பண்ணிடறேம்ப்பா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வரேன்."

"மெதுவாம்மா, பொட்டலம் நசுங்கிடப் போவுது" என்று அப்பா பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதே என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.