இடது தோளுக்கு ஒரு பேட்

பகல் முழுவதும் அவள் ஒரு கடையின் குரலாக இருந்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய புகைப்படங்களைப் பார்த்து, கழுத்தை மூடும் காலரும் தோளில் புடைத்த கையுமாகக் கவுன் தைத்து விற்கும் கடை. இன்ஸ்டாகிராமில் படம் ஏறியதும் கேள்விகள் குவியும். பதில் சொல்வது அவள் வேலை. யாராக இருந்தாலும் 'அக்கா' என்றுதான் அழைக்க வேண்டும், சொந்தப் பேரை வெளியே விடக் கூடாது என்பது முதலாளியம்மாவின் கண்டிப்பு. இத்தனை அக்காக்களோடு வாயாடிவிட்டு அறைக்குத் திரும்பினால், சுவர்தான் துணை.

அன்று மாலை ஒரு செய்தி வந்தது.

"இந்த நீலக் கவுன் எனக்கு நல்லாருக்குமா? பொண்ணு கல்யாணத்துக்குப் போடணும்."

பேரைப் பார்த்தாள். பக்கத்தில் வட்டத்துக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். கூடப்பிறந்த அக்கா.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "உடனே கிளம்பி வா" என்று கூப்பிட்டவள் அக்கா. புது டிசைன்கள் வெளிவரும் நேரம் என்று இவள் ஒரு நாள் தள்ளிப்போட்டாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள் அக்கா. அதன்பின் இவள் எண்ணிலிருந்து போன எந்த அழைப்பும் அங்கே எட்டவில்லை.

அந்தக் குட்டிக்குக் கல்யாணமா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அளவு கேட்டாள். வந்தது. கூடவே, "இந்த வயசுல இப்படிப் புடைச்ச கை போட்டா நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே அக்கா. கல்யாணப் பொண்ணு யாருன்னு குழம்பத்தான் போறாங்க."

"நல்லா ஐஸ் வைக்கிறீங்க. கடைக்காரி வாய்னா இதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது. யாரென்று தெரிந்தால் நின்றுவிடும். துணியைப் பற்றி, பொத்தானைப் பற்றி வேண்டாததையெல்லாம் இழுத்து இழுத்துப் பேசினாள். அந்தச் சந்தோஷத்தில்தான் கை தவறியது.

"இடது தோள்ல மட்டும் உள்ள சின்னதா ஒரு பஞ்சு பேட் வைக்கச் சொல்றேன் அக்கா. இல்லன்னா அந்தப் பக்கக் கை சரிஞ்சு நிக்கும்."

அனுப்பிய பிறகே உறைத்தது. அக்கா தந்த அளவில் தோளைப் பற்றி எதுவுமே இல்லை.

"என் இடது தோள் இறங்கியிருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும் அக்கா" என்று மழுப்பினாள்.

பதில் வந்தது. "அப்படியா. எங்க வீட்டுக்காரரே கவனிச்சதில்ல. என் தங்கச்சி ஒருத்திக்குத்தான் தெரியும்."

"எந்திரி தாயே, என் ஷிஃப்ட் ஆரம்பிச்சாச்சு." கூட வேலை செய்யும் கண்ணாடி வந்து நின்றான். இரவில் கடையின் குரல் அவன்தான். சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்த பேர்.

"ரெண்டு நிமிஷம்டா."

"உன் ரெண்டு நிமிஷத்துல நான் ஒரு தூக்கம் போட்டுடுவேன்."

அவள் வேகமாகத் தட்டினாள்: "அக்கா, நான்தான்." அனுப்பிவிட்டு எழுந்தாள்.

"இதுக்குப் பதில் வந்தா சொல்லு."

"யாருகிட்டேருந்து?"

"அக்காகிட்டேருந்து."

"இங்க வர்ற எல்லாருமே அக்காதான். எந்த அக்கான்னு சொல்லித் தொலை."

"என் அக்கா."

கண்ணாடி திரையைப் பார்த்தான். செய்தியைப் படித்துவிட்டதாக அடியில் காட்டியது. பதில் இல்லை. காலால் இன்னொரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடி, "சொல்லுங்க அக்கா" என்று ஒவ்வொருவருக்கும் தட்டினான். புதுச் செய்தி ஒவ்வொன்றும் அவள் அக்காவின் பேரை ஒரு படி கீழே தள்ளியது. திரைக்கு வெளியே அது போய்விடும்போதெல்லாம், அவன் மறுபடி உருட்டி அதை அவள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினான்.